திகதி இருந்த பாதி

இரவு எட்டரை. கொட்டாஞ்சேனையில்
மழை ஷட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறது.
என் கையில் கத்தரிக்கோல்.
பத்துக் குளிசை உள்ள அட்டையில்
நாலை வெட்டித் தரச் சொல்லி நிற்கிறார்
ஓட்டோ ஓடும் செல்டன் அண்ணன்.
துண்டில் முப்பது என்று எழுதியிருக்கிறது.
"மிச்சத்தை நாளைக்கு வந்து எடுக்கிறன், தங்கச்சி."
அந்த நாளை எந்தக் கிழமையில் வரும் என்று
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வெட்டும்போதெல்லாம் ஒரு சின்ன அநியாயம் நடக்கும்.
காலாவதித் திகதி
அட்டையின் ஒரே ஓரத்தில்தான் பதிந்திருக்கும்.
ஒரு பாதிக்குத் தன் பெயர் தெரியும்,
தான் எப்போது சாகும் என்றும் தெரியும்.
மற்றது வெறும் வெள்ளித் தாள்.
பெயருள்ள பாதி லாச்சியில் இருக்கட்டும்
என்று பழக்கியவர் முதலாளி.
கணக்குப் பார்க்க வசதியாம்.

அப்படி நான் கொடுத்த பெயரில்லாப் பாதியொன்று
போன மார்கழியில் திரும்பி வந்தது.
ஜம்பட்டா வீதி மரியரோசா அக்கா
கைப்பையைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்தார்:
கிளினிக்கில் சும்மா கொடுத்த கடதாசி உறை,
சனிக்கிழமை டொக்டர் எழுதிய நீலப் பெட்டி,
என் வெள்ளித் துண்டு,
இரண்டு டொபி, நனைந்த பஸ் டிக்கெட்,
அந்தோனியார் படம்.
"தலை சுத்துது பிள்ளை. குசினிக்குள்ள விழுந்திட்டன்.
மூண்டையும் ஒழுங்காத்தான் போடுறன்."

உறையில் ஒரு பெயர். பெட்டியில் வேறு பெயர்.
பெட்டியின் பெரிய எழுத்துக்குக் கீழே
எறும்பு ஊர்ந்ததுபோல் இன்னொன்று.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன்:
உறையில் இருந்த அதே பெயர்.
பிறகு லாச்சியைக் கிளறி
வெள்ளித் துண்டின் மற்றப் பாதியை எடுத்து,
வெட்டின கோணலோடு கோணல் பொருத்தினேன்.
அதுவும் அதே.

ஒரே பிரஷர் மருந்து
மூன்று உடுப்பு மாற்றிக்கொண்டு
ஒரே இரத்தத்தில் இறங்கியிருக்கிறது.
ஒன்று இலவசம். ஒன்று ஆயிரத்து எழுநூறு.
விலை கூடினது நல்லது என்று
அதை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை அக்கா.
மூன்றாவது, பக்கத்து வீட்டாருக்குச் சுகம் தந்ததாம்.
வெறும் அட்டையைக் காட்டி "இதே மாதிரி" என்றபோது
துண்டு எங்கே என்று
நான் கேட்டேனா?
கேட்கவில்லை. கடையில் சனம் கூட.

உள்ளிருந்து வந்தார் பாமசிஸ்ட் நிலூஃபா மிஸ்.
அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே சொன்னார்:
"இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.
பையோட கொண்டுபோய் எல்லாத்தையும் காட்டுங்க.
பயத்தில நீங்களா எல்லாத்தையும் நிப்பாட்டவும் வேணாம்."
என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை.
ஏசியிருக்கலாம்.

அன்றிலிருந்து கொஞ்சம் வாயாடி ஆகிவிட்டேன்.
"வேற என்ன குளிசை போடுறீங்க?
நாட்டு மருந்து ஏதும்?
முந்தி எதுக்காவது உடம்பு தடிச்சதா?"
சிலர் சிரிப்பார்கள். சிலர்,
"உனக்கேன் வீட்டு ராசியம்?" என்பார்கள்.
உறை செலவு ஏறுகிறதென்று
முதலாளி முனகுகிறார்.

செல்டன் அண்ணனிடமும் கேட்டேன்.
நெடுநேரம் மழையைப் பார்த்தார்.
சீனிக் குளிசையை
ஒன்றுவிட்ட ஒருநாள் போடுகிறாராம்.
பெற்றோல் அடிக்காத நாளில் அதுவும் இல்லை.
"இதே மருந்துதான் அண்ணன், வேற கம்பனி. பாதி விலை."
"மலிவெண்டா வேலை செய்யுமா?"
நிலூஃபா மிஸ்ஸைக் கூப்பிட்டேன்.
அவர் விளக்க விளக்க
அண்ணன் சேட்டுப் பையில் சில்லறை எண்ணினார்.

பன்னிரண்டு வாங்கினார்.
முப்பது இல்லை. நாலும் இல்லை.

புது அட்டையை வெட்டி
திகதி இருந்த பாதியை அவருக்குக் கொடுத்தேன்.
இப்போது லாச்சிக்குப் போவது ஊமைப் பாதி.
பெயரையும் திகதியையும் நானே எழுதவேண்டும்.
வெள்ளித் தாளில் மை லேசில் பிடிக்காது.
ஊதி ஊதிக் காயவைக்கிறேன்.
வரிசையில் இன்னும் மூன்று பேர்,
நனைந்த குடைகளோடு.