இரண்டாம் புத்தகத்தில் பசுவுக்குப் பெயர் உண்டு

முதல் புத்தகத்தை நான் பாதியில் மூடவில்லை.
முழுதாய்ப் படித்து முடித்துத்தான் திட்டினேன்.
அந்தப் பெண்ணுக்குப் பசித்ததே இல்லை.
முந்நூற்று எண்பது பக்கம்,
ஒரு ரொட்டித் துண்டு கிடையாது.
காற்றை முடிச்சுப் போட்டுக் கையில் பிடித்தாள்,
கோட்டைக் கதவுகளை ஊதித் திறந்தாள்.
கூடவே வந்த ஓநாயோ
எங்கள் வேதியியல் ஆசிரியர் மாதிரி
கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது.
ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு கிராமம் எரிந்தது,
இரண்டே வரி.
பத்தாவதில் எல்லோரும் நடனமாடினார்கள்.

இரண்டாவதை ருஸ்னே வாங்கிவிட்டாள் என்று கேள்வி.
அவளிடம் இரவல் கேட்க வழியில்லை,
ஆகஸ்டிலிருந்து பேச்சில்லை.
நூலகத்தில் பதினோரு பேருக்குப் பின்னால் காத்திருந்து
நவம்பரில் என் முறை வந்தது.

கிளைப்பேடாவிலிருந்து ஸ்மில்டினேவுக்குப்
படகில் பத்து நிமிடம்கூட ஆகாது.
அக்கரை அருங்காட்சியகத்தில்
சீல்களின் மீன் வாளிகளைக் கழுவுவது
என் சனிக்கிழமை வேலை.
படகு அக்கரையில் முட்டி நின்றது.
நான் இறங்கவில்லை.

முதல் பக்கத்திலேயே அவள் பசியோடு எழுகிறாள்.
ஒரு செருப்புக்கு அடி இல்லை.
திருடிய கிழங்கை வேகாமல் தின்று
வேலியோரம் வாந்தி எடுக்கிறாள்.
ஓநாய் பேசவில்லை.
போன புத்தகத்தின் கடைசிப் போரில்
அது விலையாய்க் கொடுத்தது தன் பேச்சையாம்.
யாரும் கவனிக்கவில்லை,
நானும்தான்.
இப்போது அது எதிரே வந்து நிற்கிறது,
மூச்சு ஆவியாகிறது, அவ்வளவுதான்.
என்ன வேண்டும் என்று அவளே ஊகிக்க வேண்டும்,
பெரும்பாலும் தப்பாய் ஊகிக்கிறாள்.

மலைப்பாதையைப் பனி மூடியதால்
அந்த எரிந்த கிராமத்தின் வழியே போகிறாள்.
பாதிக் கூரை போட்ட வீட்டிலிருந்து ஒருத்தி வருகிறாள்.
கையில் வாளில்லை, வாயில் சாபமில்லை.
"என் பசு" என்கிறாள்.
"மர்கே. வலது கொம்பு வளைந்திருக்கும்.
உன் காற்று கொட்டகைக்கு நெருப்பைக் கூட்டி வந்தபோது
சினையாய் இருந்தது."
"அன்று போர் நடந்தது" என்கிறாள் இவள்.
"நடந்தது. பால் எங்கே?"

அந்த இடத்தில் படகு திரும்பியதோ,
இல்லை எனக்குத்தான் தலை சுற்றியதோ.

அதற்கப்புறம் நான்கு அத்தியாயம்
நாணல் சுமக்கிறாள், கூரை வேய்கிறாள்,
கை கிழிகிறது.
ராஜ்யம் காத்திருக்கிறது.
தீர்க்கதரிசனம் காத்திருக்கிறது.
காத்திருக்கட்டும்.

குறை இல்லாமல் இல்லை.
வரைபடத்தில் ஆறு இன்னும் மேட்டை நோக்கித்தான் ஓடுகிறது.
இரண்டு இளவரசர்களில் ஒருவனை
இப்போதாவது கிணற்றில் தள்ளியிருக்கலாம்.
பதினேழாம் அத்தியாயம் ஜவ்வு.

கயிறு வீசும் டொமன்டாஸ் என் முன்னால் நின்று
ஐந்து விரல் காட்டினான்,
ஐந்தாவது முறையாம்.
அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
"முதல் பாகம் எனக்குப் பிடிக்கலை."
"யாருக்குப் பிடிச்சது?"
வாளிக்காகக் காத்திருக்கும் சீல்களை நினைத்தேன்,
பக்கத்தைத் திருப்பினேன்.

ருஸ்னேயின் சைக்கிளைக் கோடையில் நான்தான் வாங்கிப் போனேன்.
படகுத்துறையில் பூட்டாமல் விட்டேன்.
ஐஸ்கிரீம் வாங்கித் திரும்புவதற்குள் காணோம்.
"பழைய சைக்கிள்தானே" என்றேன் அவளிடம்,
இரண்டே வரியில்.
அப்புறம் கடற்கரையில் இசைவிழா,
நான் ஆடப் போய்விட்டேன்.

பச்சை நிறம்.
மணி அடித்தால் தொண்டை கட்டியது போல ஒரு சத்தம்.
இருக்கையின் கிழிசலில் நீல டேப்.
அதற்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள்,
மேட்டில் ஏறும்போது கெஞ்சிக் கூப்பிடுவாள்,
எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர்.

நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு
கைபேசியை எடுத்தேன்.
'உன் சைக்கிள் பெயர் என்ன' என்று அடித்தேன்.
கேள்விக்குறி போடவில்லை.
அனுப்பவும் இல்லை, இன்னும்.
நகரத்துக் கரை நெருங்குகிறது,
டொமன்டாஸ் கயிற்றைச் சுழற்றுகிறான்.