நாற்பத்தைந்து நிமிடம்

வியாழன் மாலை நாலு நாற்பதுக்கு வந்தது.
'அன்புள்ள நெரிஸ்' என்று தொடங்கும் கடிதம்
அன்போடு முடிந்ததில்லை இதுவரை.
சந்தை நிலவரமாம்.
ஒப்பந்தக்காரர் அனைவருக்கும் ஒரே சீராகப்
பத்து விழுக்காடு குறைப்பாம்.
நாளை மதியத்துக்குள் சம்மதம் வேண்டுமாம்.
கீழே டாரனின் பெயர்.
அதற்கும் கீழே, ஒரு ரூபாய் அகல வட்டத்துக்குள்
சிரித்துக்கொண்டிருக்கும் டாரன்.

நாளுக்கு நானூற்று எண்பது பவுண்டு.
நாற்பத்தெட்டு போனால் நானூற்று முப்பத்திரண்டு.
அடிமாட்டு விலை என்று சொல்ல முடியாது,
அதுதான் சங்கடம்.
நியூபோர்ட் கடைத்தெருவில் நின்று இதற்கு அழுதால்
ரொட்டிக்கடைப் பெண் என்னை ஏற இறங்கப் பார்ப்பாள்.
அவள் ஒரு வாரம் நின்றுகொண்டே சம்பாதிப்பது அது.

ஆனால் காய்ச்சலுக்கு எனக்குக் கூலி இல்லை.
கிறிஸ்துமஸுக்குக் கூலி இல்லை.
போன வருடம் வேலையே இல்லாத ஏழு மாதம்
யாரும் நிலவரம் கேட்டு எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து எழுதிய முதல் பதிலில்
ஒரு கெட்ட வார்த்தை இருந்தது, வெல்ஷில்.
இரண்டாவதில் என் பதினாறு வருடம் இருந்தது:
நாலு வங்கிகளின் பழைய கணக்குகளை
ஒரு பென்னி சிந்தாமல்
புதிய இடத்தில் இறக்கி வைத்தவள் நான், இத்தியாதி.
படித்தால் கெஞ்சுவது போலிருந்தது. அழித்தேன்.
மூன்றாவது ஒரே சொல்.
சரி.
அதை அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தபடி
உட்கார்ந்திருந்தேன்
கெட்டில் கொதித்துத் தானே அணையும்வரை.

பிறகு வகுத்துப் பார்த்தேன். தொழில் பழக்கம்.
என் ஒரு நாள் நானூற்றைம்பது நிமிடம்.
பத்து விழுக்காடு, நாற்பத்தைந்து.

'புதிய விலைக்குச் சம்மதம், டாரன்.
ஐந்தரைக்குப் பதில் திங்கள் முதல்
நாலே முக்காலுக்கு மடிக்கணினியை மூடுகிறேன்.
எல்லாம் ஒரே சீராக இருக்கட்டும்.'

வெள்ளி மூன்று மணிக்குக் கூப்பிட்டான்.
விளையாடுகிறீர்களா என்றான்.
இல்லை என்றேன்.
அதற்கு மேல் இருவரிடமும் வசனம் இல்லை.

திங்கள், செவ்வாய், புதன்
அலுவலகத்துக்குப் பின்னால் அஸ்க் ஆற்றங்கரையில் நடந்தேன்.
கடல் இழுத்துக்கொண்டு போன ஆறு
வெறும் சேறாய்க் கிடந்தது, ஒரு தள்ளுவண்டி தலைகீழாக.
இரவுக்குள் விளிம்புவரை ஏறிவிடும்,
யாருக்கும் கடிதம் போடாமல்.
எனக்கு அந்த வசதி இல்லை.
குளிரில் காது வலித்தது.
சந்தோஷமாக இருந்ததா என்றால், இல்லை.
என்னுடையதாக இருந்தது.

வியாழன் காலை கேட்ரின் கேட்டாள்,
வங்கியில் என் வேலையைப் பார்ப்பவள்:
நாலே முக்காலுக்கு எங்கே ஓடுகிறாய்?
சொன்னேன்.
கோப்பையைக் கீழே வைத்தாள்.
'எங்களுக்கு வரும் பில் குறையவில்லையே?'
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
ஏப்ரலிலிருந்து அதே எண்,
கல்லில் வெட்டியது போல.

மறுநாளே வந்தது இன்னொரு அன்புள்ள நெரிஸ்.
புரிதலில் சிறு பிழையாம்.
பழைய விலையே தொடருமாம்.
இதைத் தங்களோடு வைத்துக்கொள்ளவும்.

எதிர் மேசையில் குவிலிம்.
இரட்டைக் குழந்தைகள், மூன்று மாதம்; வீட்டுக் கடன், முப்பது வருடம்.
ஆறே நிமிடத்தில் 'சரி' அனுப்பியவன்.
அவனே சொன்னான், வெட்கப்படாமல்.
இன்று என்னைப் பார்த்துச் சிரித்தான்:
உன் ஆறு என்னாயிற்று, நெரிஸ்? ஐந்தரை மட்டுமா இனி?

அந்த நாற்பத்தெட்டு பவுண்டு திரும்பிவிட்டது.
ஆனால் அது இப்போது
வேறொரு வேலைக்கான கூலி.
வாயை மூடியிருக்கும் வேலை.
நாளுக்கு நானூற்றைம்பது நிமிடமும் செய்ய வேண்டியது.

மதியம் முழுக்க ஒரே வரியில் நின்றேன்.
கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது.

நாலு நாற்பதுக்கு அவன் மேசைக்குப் போனேன்.
'கோட்டை எடு, குவிலிம்.
தண்ணீர் ஏறுகிறதா பார்த்துவிட்டு வருவோம்.'