ஒரு லிட்டரில் எவ்வளவு மலை

மழை விட்ட நாற்பதாவது நிமிடம்
பாலத்தில் நிற்க வேண்டும், விதி அது.
கயிற்றில் கட்டிய போத்தலை இறக்கி
ஆற்றின் நடுவில் முக்கி எடுக்க வேண்டும்.
மூடியில் தேதி, மணி, நீர்மட்டம்.
பதினோரு வருடமாக இதுதான் என் வேலை.
ஈப்போவில் வடிகட்டி, காயவைத்து,
நிறுத்துச் சொல்வார்கள்:
லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்.
நான் எனக்குள் திருத்திக்கொள்வேன்:
லிட்டருக்கு இவ்வளவு மலை.

சுங்கை சிப்புட்.
ஊர்ப் பெயரிலேயே ஆறும் உண்டு, நத்தையும் உண்டு.
நத்தை எங்கே என்று கேட்பவருக்குச்
சுண்ணாம்புக் குன்றைக் காட்டுவேன்.
அதன் ஒவ்வொரு துணுக்கும்
ஏதோ ஓர் உயிர் தன்மேல் கட்டிக்கொண்ட வீடு.
கடலடியில் செத்து, படிந்து, இறுகிக் கிடந்தது.
பூமி ஒருமுறை தோளை உயர்த்தியதில்
ரயில் பாதைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.
மாலை நான்குக்கு குவாரியில் சைரன்.
ஆ மெங் கடையில் கோப்பி ஒருமுறை நடுங்கும்.
கோடிக்கணக்கான வருடத்து வீடு
லாரி லாரியாக இறங்கிப் போய்
சிமெண்டாகி
வேறு யாருக்கோ சுவராகும்.

கிழக்கே கருங்கல் மலைத்தொடர். அது வேறு சாதி.
கொதித்து மேலேறி
வெளியே வராமலே ஆறிப்போன பிடிவாதம்.
மேலிருந்த பாறையெல்லாம் கரைந்த பிறகுதான்
முகமே தெரிந்தது அதற்கு.
இப்போது அதற்கும் தோல் உரிகிறது.
வெயில், மழை, வெயில், மழை.
மின்னுகிற மணி மட்டும் மணலாகத் தப்பிக்க
மிச்சமெல்லாம் செம்மண்.
அந்தச் செம்மண்ணில் ரப்பர் வைத்தார்கள்.
ரப்பரைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள்.
இந்த வருடம் மறுநடவு என்று
செம்பனையையும் சாய்த்தார்கள்.
அக்டோபரில் சரிவு மொட்டை.

எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
செவ்வாய்க்கிழமை போத்தலின் அடியில்
இரண்டு விரல் மண் தங்கியிருந்தது.
எழுதினேன்.
படிவம் ஈப்போவுக்குப் போனது.

வியாழன் விடியுமுன் சரிவு இறங்கித்
தவமணியின் குசினிக்குள் வந்துவிட்டது.
சத்தமே இல்லையாம்,
யாரோ ஈரப் பாயை இழுத்துப் போட்ட மாதிரியாம்.
கேஸ் அடுப்பு, மைலோ டின், மகளின் பள்ளிச் சப்பாத்து,
எல்லாம் இடுப்பளவு மண்ணுக்குள்.
யாருக்கும் காயமில்லை.
தோட்ட மேலாளர் வந்தார், கைப்பேசியில் படம் எடுத்தார்.
மண்வெட்டியில் சாய்ந்தபடி அவள் கேட்டாள்:
"எங்கப்பா காலத்துலேருந்து
துண்டு நிலம் கேட்டுக்கிட்டே இருந்தோம்.
ராத்திரியோட ராத்திரியா
குசினியிலயே கொண்டாந்து கொட்டிட்டீங்க.
கிராண்டு எப்பய்யா தருவீங்க?"
மேலாளர் சிரித்தார்.
லயத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை என்று
கொஞ்சம் தாமதமாகக் கவனித்தார்.

ரொஸ்லானின் புல்டோசர்
மண்ணை ஓடைக்குள் தள்ளியது.
ஓடை ஆற்றுக்குத் தள்ளியது.
பாலத்தில் நின்று போத்தலை இறக்கினேன்.
வெளிச்சத்தில் பிடித்தால்
உள்ளே சுழல்வது மலையா குசினியா
பிரித்துச் சொல்ல என்னிடம் வடிகட்டி இல்லை.
மணல் முதலில் அமர்ந்தது.
களிமண்ணுக்கு அவசரமே இல்லை;
வீட்டு மேசையில்
மறுநாள் வரை மிதந்துகொண்டிருந்தது.

அடுத்த மாதம் பாலத்துக்குக் கீழே
வளைவில் புதிதாய் ஒரு மணல்திட்டு.
ஒரு லாரி நிற்கலாம், அவ்வளவு அகலம்.
யாரோ அதற்குள் மரவள்ளிக் குச்சி
நான்கு வரிசை ஊன்றிவிட்டார்கள்.
யாரென்று நான் கேட்கவில்லை.
அடுத்த வெள்ளம் கேட்டுக்கொள்ளட்டும்.

எஞ்சியது மலாக்கா நீரிணைக்குப் போகும்.
அங்கே சேறாய் இறங்கும். மேலே நத்தை ஊரும்.
நம் கணக்குக்கு எட்டாத ஒரு நாளில்
அதுவும் தோள் உயர்த்தும்.

அன்றைய எண்
பதினோரு வருடத்தில் மிகப் பெரியது.
எழுதக் கட்டம் போதவில்லை.
மறுபக்கம் 'குறிப்புகள்' என்று
எப்போதும் காலியாகவே விடும் இடத்தில் எழுதினேன்:
பள்ளிச் சப்பாத்து ஒன்று, வெள்ளை, இடது கால்.
கீழே எங்காவது கண்டால் தெரிவிக்கவும்.