உப்பு வேண்டாம்

தாள் சொல்கிறது:
ஆறு மாதம் நிறைந்தால் மசித்த உணவு.
தேன் வேண்டாம். சர்க்கரை வேண்டாம்.
உப்பு வேண்டவே வேண்டாம்.
கடைசி வரியின் கீழே
சுகாதார நிலையத்து ஒர்ஃபெலினா
பேனாவால் இரண்டு கோடு போட்டுத் தந்தாள்,
வெள்ளை பூத்த என் காலரைப் பார்த்துக்கொண்டே.

பார்க்கட்டும்.
கெயோன் துறையில் மட்டி எடுக்க மூழ்குகிறவன் நான்.
படகில் ஒரு காற்று இயந்திரம், அதிலிருந்து மஞ்சள் குழாய்,
குழாயின் இந்த நுனியில் என் வாய்.
காதுமடலில் உப்பு. இமைமுடியில் உப்பு.
கூலியை எண்ணினால் நோட்டும் பிசுபிசுக்கிறது.

எதெல்மிராவுக்கு இரவு ஷிஃப்ட்.
சால்மன் ஆலையில் முள் பிடுங்கப் போய்விட்டாள்.
அடுப்பில் ஈர விறகு; புகைதான் முன்னால்,
தீ அதன் பின்னால் எங்கோ.
தகரத்தில் மழை. இந்தத் தீவில் அது செய்தியே இல்லை.
மேசையில் ஒரு கீற்று மஞ்சள் பூசணி,
இரண்டு உருளைக்கிழங்கு.
வெளியே கரி நிறம். வெட்டினால்
அடிபட்டுக் கன்றிய தோலின் ஊதா.

மூடியைத் திறக்கிறேன்: குமிழிகள்.
நான் ஒழுங்காகப் படித்த ஒரே பாடம்.
மேலே ஏறும்போது உன் மூச்சின்
மிகச் சின்னக் குமிழியை முந்தாதே;
முந்தினால் ரத்தம் நுரைக்கும்.
நொல்பெர்த்தோ முந்தினான்.
இன்று கைத்தடியோடு துறைமுக வாசலில்
லாட்டரிச் சீட்டு விற்கிறான்.

மிக்ஸி போன மாதமே புகைந்து செத்தது.
ஆகவே முள்கரண்டி.
எங்கோ ஒரு கட்டி ஒளிந்திருக்கும்.
கலங்கிய அடியில் மட்டி தேடுவதுபோல்
கண்ணை மூடிக்கொண்டு
விரலால் தேடி நசுக்குகிறேன்.

முதல் நாள் துப்பினாள்.
இரண்டாம் நாளும் துப்பினாள், என் புருவத்தில்.
மூன்றாம் நாள் ரயென் வாயையே திறக்கவில்லை.
மட்டிகூட இவ்வளவு பிடிவாதம் காட்டாது;
அதற்காவது என்னிடம் கத்தி உண்டு.

மிச்சத்தை நின்றபடி நானே தின்றேன்.
மண், தண்ணீர், கொஞ்சம் இனிப்பு,
அப்புறம் ஒன்றுமில்லை.
உப்பில்லாப் பண்டம் எங்கே போகும் என்று
ஊருக்கே தெரியும். இவளுக்கு யார் சொன்னது?
ஜாடி அலமாரியில். கைக்கெட்டும் உயரம்.
ஒரே ஒரு கிள்ளு.
யார் பார்க்கப் போகிறார்கள்?

ஜாடியைத் திறந்தேன்.
திறந்தபடியே ஜன்னலுக்கு வெளியே
மழையில் வைத்துவிட்டு
கதவைத் தாழ் போட்டேன்.

நான்காம் நாள் கடலிலிருந்து நேரே வந்தேன், குளிக்காமல்.
ஆலை பஸ் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
பிள்ளை கை மாறியது, முத்தத்துக்கு நேரமில்லை.
கிண்ணம் மடியில். கரண்டி கையில்.
அவள் கரண்டியைத் தள்ளினாள்,
மணிக்கட்டைப் பிடித்தாள்,
ரப்பர் உடையின் விளிம்பு அழுந்திச் சிவந்த வளையத்தில்
நாக்கை வைத்தாள்.

அப்படியே நின்றது எல்லாம்.
அந்தச் சின்ன நெற்றியில் எத்தனை சுருக்கம்!
மறுபடி நக்கினாள்.
பிறகு வாய் திறந்தது, தானாக.

பூசணி போயிற்று. ஊதாக் கிழங்கு போயிற்று.
ஒவ்வொரு வாய்க்கும் நடுவே என் மணிக்கட்டு.
நான் அவசரப்படவில்லை.
குமிழியின் வேகத்தில்தான் ஏறியது கரண்டி.
உப்பு போட்டேனா? போடவில்லை.
தாளில் என் கையைப் பற்றி
ஒரு வரிகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை எடை பார்த்தார்கள். கூடியிருந்தது.
"உப்பு?" என்றாள் ஒர்ஃபெலினா.
"இல்லை" என்றேன்,
சட்டைக் கையை இழுத்துவிட்டபடி.

வீட்டில் எதெல்மிரா அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.
ஜன்னலைக் காட்டினேன்.
ஜாடி நிறைய மழை.
என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
எடுத்து வந்து
எங்கள் இருவரின் சூப்பில் ஊற்றினாள்.