நாற்பத்தேழாவது வரி

எட்டு மணிக்கு மின்சாரம் போகும் என்கிறது
நகராட்சியின் அட்டவணை.
இப்போது ஏழு பத்து.
மெர்பேங்கில் தெருவிளக்குகள் இன்னும் எரிகின்றன.
மூடிக் கிடக்கும் எண்ணெய் ஆலைக்கு மேல் நிலா,
யாரோ திருகி மூட மறந்த வால்வு மாதிரி.

துறைமுகத்தில் பெட்டிகள் காணாமல் போகின்றன.
திருட்டில்லை.
பளுதூக்கி தூக்குகிறது, தராசு நிறுக்கிறது,
பேஹெட் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன,
லுங்கேலோ தன் கண்ணால் எண்ணுகிறான்: நாற்பது.
என் நிரல் எண்ணுகிறது: இருபது.
"பாதித் துறைமுகத்தை விழுங்கிட்டியே, தெஷ்னி"
என்று சிரித்துக்கொண்டுதான் போன் செய்தான்.
மூன்றாம் தடவை சிரிக்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு செயற்கூறு,
டன்னைக் கிலோவாக்க.
அதற்காகக் கோப்பின் தலையில் ஒரு வரி:
எடைத் தொகுதியை இறக்குமதி செய்.
ஒருவரை அழைத்தால் ஒன்பது பேர்
பந்தியில் உட்கார்ந்த கதை.
தொகுதிக்குள் இருந்ததெல்லாம் வந்தது,
யுகேன் படையாச்சியின் மேக்ரோவும்.
அதன் பெயர் 'நிறு'.
என்னிடமும் ஒரு 'நிறு' இருந்தது.
கம்பைலர் வாயே திறக்கவில்லை.
அது விழித்துப் பார்க்குமுன்
மேக்ரோ என் வரிகளை மாற்றி எழுதிவிட்டுப்
போயிருந்தது.

யுகேன் இப்போது பெர்த்தில்.
விட்டுப் போனது ஒரு குறிப்பு மட்டும்:
தொடாதே. ஓடுகிறது.

விரித்துக் காட்டு என்றேன் கம்பைலரிடம்.
நாலாயிரம் வரிகள் கொட்டின.
நாற்பத்தேழில்
நான் எழுதியிருந்தது: நிறு, அடுத்த பெட்டியை.
அங்கே நின்றது:
     அடுத்த பெட்டியின் எடை பூஜ்யத்துக்கு மேலா?
     ஆமெனில்
     அடுத்த பெட்டியைப் பதிவு செய்.

ஒரு தடவைதான் சொன்னேன்.
அது இரண்டு தடவை கை நீட்டியிருக்கிறது.
ஆரஞ்சுப் பெட்டியை நிறுத்துவிட்டு
அதன் பின்னால் வந்த செம்புத் தகட்டை
எழுதிக்கொண்டிருக்கிறது.
ஆரஞ்சு எங்கே என்று கேட்டால்
மேக்ரோவுக்கு என்ன தெரியும்?
அது பெட்டியைப் பார்த்ததே இல்லை,
பெட்டி என்ற எழுத்துகளைத்தான் பார்த்தது.

ஏழு நாற்பத்தொன்று.
முதலில் பெட்டியை எடு.
அதற்கு ஒரு பெயர் வை.
பிறகு அந்தப் பெயரை எத்தனை முறையும் கூப்பிடு.
'பெட்டி' என்றே வைத்தேன்.
வெளியே நிற்கும் என் 'பெட்டி'யை
உள்ளே இருந்த 'பெட்டி' மிதித்துவிட்டது.
யாரும் தவறியும் வைக்காத பெயராக,
வாயில் நுழையாத பெயராக,
யுகேனின் முதலெழுத்தை நடுவில் சொருகி
ஒன்றைக் கட்டினேன்.
கோபம்தான். வேறென்ன.

என் கோப்பை மட்டும் காப்பாற்றிக்கொண்டு
தூங்கப் போயிருக்கலாம்.
தேடிப் பார்த்தேன்:
இந்த மேக்ரோவை நம்பி
இன்னும் பதினோரு கோப்புகள் இருக்கின்றன.
அவை எத்தனை பெட்டிகளைத் தாண்டிக் குதித்தன என்று
இத்தனை வருடம் யாரும் கேட்டதில்லை.

தொகுதியைத் தொட்டால்
அதை அழைத்த எல்லாமே
மறுபடி தொகுக்கப்பட வேண்டும்.
ஏழு ஐம்பத்திரண்டு.
ஒன்று. இரண்டு. நான்காவது இழுக்கிறது.
ஏழு. எட்டு.

ஒன்பதில் தெரு முழுக்க அணைந்தது.
பக்கத்து வீட்டில் யாரோ
அலுப்போடு ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கிறார்கள்.
ப்ளஃப் மேடு கறுத்துவிட்டது, அதற்கு அப்பால்
பளுதூக்கிகள் மட்டும் டீசலில் வெளிச்சமாய்.

போனில் லுங்கேலோ:
"அறுபத்து மூணு எண்ணியிருக்கேன். உன்னோடது?"

பத்தாவது கோப்பு.
பேட்டரி ஆறு சதவீதம்.
பதில் பெட்டியில்
கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.