இரண்டு விரற்கடை

கிருமாம்பாக்கம் தாண்டியதும்
முதலில் தெரிவது டிராகனின் முதுகுதான்.
அதற்காகவே கடலூரில்
வலப்பக்கச் சன்னலைப் பிடித்து வைப்போம்.
இந்த முறை
சவுக்குத் தோப்புக்கு மேலே வெறும் வானம்.
"ஸ்டாப்பை விட்டுட்டமா?" என்றாள் அமுதினி.

விடவில்லை.
வாசலில் அதே சிமென்ட் டால்பின்,
உடைந்த மூக்கின் மேல் புது நீலம்.
நாங்கள் எப்போதும் எடுக்கும் பதினோராம் எண் குடில்
(குளியலறைக் குழாய் இரவெல்லாம் விக்கல் எடுக்குமே, அது)
இப்போது செல்ஃபி அறை.
சுவர் முழுக்க பாரிஸ் கோபுரம்.
பாண்டிச்சேரியில் எதற்குப் பாரிஸ் என்று
கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

டிராகன் இருந்த இடத்தைச் சுற்றித் தகரம்.
'விரைவில்! இன்னும் பிரமாண்டமாய்!'
ஓட்டை வழியே பார்த்தோம்.
தண்டவாளத்தை வெட்டி
பூசணிக் கீற்றுகள்போல் அடுக்கியிருந்தார்கள்.
தீப்பொறி சிதறும்போதெல்லாம்
எனக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது.
நிம்மதி என்று அதற்குப் பெயர் சொல்ல
வெட்கமாக இருக்கிறது.

ஏழு வயதில் அந்தப் பலகையில் முதுகை ஒட்டி நின்றாள்.
கோமாளி நீட்டிய கைக்குக் கீழே இருந்தால் அனுமதி இல்லை.
எட்டு வயதில் நின்றாள்.
ஒன்பதில், குதிகால் தடித்த புதுச் செருப்போடு வந்து
கோமாளியின் கையைத் தலையால் இடித்தாள்.
சூசைநாதன் கதவைத் திறந்துவிட்டார்.
நான்தான் அவர் காதருகே போய்
'செருப்பைக் கழற்றச் சொல்லுங்க' என்றேன்.

கழற்றினாள்.
இரண்டு விரற்கடை குறைந்தது.
அழவில்லை. "அடுத்த வருஷம்" என்று
கப் அண்ட் சாஸர் பக்கம் நடந்துவிட்டாள்.
அடுத்த வருஷம் கொரோனா.

முதல் ஏற்றத்தின் உச்சியில்
பெட்டிகள் ஒரு நொடி நிற்கும்.
கீழே நின்று பார்த்தாலே
என் வயிறு கழன்று முட்டிக்கு வரும்.
சிறுவர்களோடு பெரியவர் ஒருவர் ஏற வேண்டும் என்பது விதி.
எங்கள் வீட்டில் பெரியவர் என்று
நான் ஒருத்திதான்.

புதிதாக வந்திருப்பது பனி உலகம்.
வெளியே அக்னி நட்சத்திரம், உள்ளே மைனஸ் ஐந்து.
யார் யாரோ போட்டுக் கழற்றிய ஈர ஜாக்கெட்டை
நீட்டிய ஆளின் தலையில் கம்பளிக் குல்லா,
குல்லாவுக்குக் கீழே வழியும் வியர்வை.
சூசைநாதன்.
'டிராகன் போச்சு, என்னை இங்க போட்டுட்டாங்க.
பதினாறு வருஷம் பொத்தானை அமுக்கினேன்,
ஒரு தடவை ஏறினதில்ல. தலை சுத்தும்.'
அமுதினியை மேலும் கீழும் பார்த்தார்.
பிறகு என்னை.
'பாப்பாவுக்கு இப்ப பெரியவங்க சைஸ்.'
அவ்வளவுதான் சொன்னார்.

உள்ளே பிளாஸ்டிக் பென்குயின்கள்.
சுரண்டிய ஐஸின் வாசனையில் எனக்குத்
துறைமுகத்து மீன்பெட்டிகள்தான் ஞாபகம் வந்தன.
பதினைந்து வயதுக்காரி அதில் மல்லாந்து படுத்து
வாயால் புகை விட்டாள்.
நன்றாகத்தான் இருந்தது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பும்போது சோதனைச் சாவடியில் பேருந்து நின்றது.
முன்னால் ஒரு லாரி.
கயிறு கட்டிய டிராகனின் தலை
பின்பக்கம் திரும்பி
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது,
நீட்டிக்கொண்டிருந்த கொம்பில் சிவப்புத் துணியோடு.
ஏதோ ஊர்த் திருவிழாவுக்கு விலைபோயிருக்கும்.
புதுச்சேரியிலிருந்து வரும் எதையும் நம்பாத ஏட்டு ஒருவர்
டயரில் கால்வைத்து ஏறி
அதன் வாய்க்குள் டார்ச் அடித்து
பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்.
போதாமல், தோள்வரை கையை விட்டார்.
பேருந்தே சிரித்தது.

அந்தச் சத்தத்துக்குள் சொன்னேன்:
'அன்னைக்கு உன் செருப்பைக் கழற்றச் சொன்னது நான்தான்.'
"எந்தச் செருப்பு?" என்றாள்,
லாரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏட்டு கையை வெளியே இழுத்தார்.
முழங்கைவரை கிரீஸ்.
அதை டிராகனின் நாக்கிலேயே துடைத்துவிட்டு
போகலாம் என்று கைகாட்டினார்.