குதிரை கொல்லக் கூடாது

இணையத்தில் என் பெயரைத் தேடினால்
ஒரேயொரு ஆட்டம் கிடைக்கும்.
எர்தெனெத் நகரம், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள்.
வெள்ளை ஹொங்கோர்சூல். கறுப்பு நான்.
முப்பத்தொரு நகர்த்தல்.

அவள் அம்மா செப்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவள்.
அந்த லாரியின் ஒரு சக்கரமே இரண்டு ஆள் உயரம்.
இரவு ஷிப்ட் முடித்து வந்து
கடைசி வரிசையில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்,
பூட்ஸெல்லாம் கல்தூசி.
வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
மகள் கையுறையின் விரல்நுனிகளை வெட்டி வைத்திருந்தாள்,
காய்களைத் தொட.

நான் வீட்டில் பழகியது பழைய ஆட்டம், ஷதர்.
அதில் ராணி கிடையாது, அந்த இடத்தில் ஒரு புலி நிற்கும்.
மந்திரி நிற்குமிடத்தில் ஒட்டகம்,
யானை நிற்குமிடத்தில் வண்டி.
குதிரை மட்டும் குதிரைதான்.
ஆனால் அது ராஜாவை மிரட்டலாம், கொல்லக் கூடாது.
கடைசி அடி அதனுடையதாக இருக்கக் கூடாது.
குதிரையோடு ஒரே காற்றில் தூங்கியவர்கள் போட்ட சட்டம்.

என் ராஜா மூலையில்.
பக்கத்தில் என் வண்டி, முன்னால் என் சிப்பாய்கள்.
அவனை அடைத்து நின்றவர்கள் எல்லோரும் என் ஆட்கள்.
அவளுடைய குதிரை
ஒரே தாவல்.

"செல்லாது" என்றேன். "குதிரை கொல்லக் கூடாது."
நடுவர் சிரித்தார். கூடம் சிரித்தது.
அவள் அம்மா திடுக்கிட்டு விழித்து, ஏனென்று தெரியாமல் தானும் சிரித்தாள்.
ஹொங்கோர்சூல் சிரிக்கவில்லை.
அப்படியொரு சட்டமா என்று கேட்டாள்,
நிஜமாகவே தெரிந்துகொள்ள.

பிறகு அவளைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன்.
பதினாறில் தேசிய சாம்பியன்.
பத்தூமியில் ஏழு மணி நேர ஆட்டம்,
எழுந்தபோது கால் மரத்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.
பத்தொன்பதில் கிராண்ட்மாஸ்டர்,
விமான நிலையத்தில் பூச்செண்டு, ஒரு காஷ்மீர் கோட்டு.
கல்யாணம் எப்போது என்றார் நிருபர்.
"உங்கள் கடிகாரம்தான் ஓடுகிறது" என்றாள் அவள்.

அடுத்த வருடம் தோல்விமேல் தோல்வி.
பஸ்ஸில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்:
எடை, காதலன், தலைக்கனம்.
அந்தக் குளிர்காலத்தில்தான் பனியில் ஒரு லாரி புரண்டு
ஓட்டியவளின் இடுப்பு முறிந்தது.
எங்கள் தெருவுக்குத் தெரியும். பஸ்ஸுக்குத் தெரியாது.

நான் கம்பளத் தொழிற்சாலையில் நெசவுப் பிழை பார்க்கிறேன்.
தறி தவறவிட்ட ஒற்றை இழையைக்கூட
விரல் கண்டுபிடித்துவிடும்.

போன மார்ச்சில் ஊருக்கு வந்தாள்.
சுரங்கக் கூடத்தில் இருபத்தைந்து பலகைகள்,
எதிரே அவள் ஒருத்தி, நடந்துகொண்டே.
பதினேழாவதில் நான்.
அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.
எதற்காகத் தெரிய வேண்டும்?

மூன்றாம் மணி நேரத்தில்தான் கவனித்தேன்.
மறுபடி மூலை,
மறுபடி என் ஆட்களே சுவர்.
குதிரைக்கு ஒரே தாவல்.

வந்தாள்.
அவள் கை குதிரைக்கு மேலே போனது.
தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும்.
ஒரு மூச்சு நேரம்
அந்தரத்தில் நின்றது கை.

ஒட்டகத்தை எடுத்தாள்.

அது சுற்றுவழி, நான்கு நகர்த்தல் அதிகம்.
களைப்பா? பார்க்கவில்லையா?
பிழை பார்ப்பதே என் பிழைப்பு,
ஆனாலும் அதைப் பிழையென்று குறிக்க
எனக்கு விரல் எழவில்லை.

நான்காவது முறை அவள் வந்தபோது ராஜாவைச் சாய்த்தேன்.
கை கொடுத்தாள்; சில்லென்றிருந்தது.
அடுத்த பலகைக்குப் போய்விட்டாள்.
இந்த ஆட்டம் எங்கும் பதிவாகவில்லை.

வாசலில் அவள் அம்மா கைத்தடி ஊன்றி
பூட்ஸைத் தட்டிக்கொண்டு நின்றாள்.
"முடிந்ததா? யார் ஜெயித்தது?"

"ஒட்டகம்" என்றேன்.